நிழலில்லாதவனும் கதவில்லாத மாளிகையும்

பதுளை
14.6.1959

அன்புள்ள பாமா,

நீ அனுப்பிய கொடித்தோடம்பழக் கூடை நசுங்காமல் வந்து சேர்ந்தது. பாதியைக் கீழ்வீட்டு ஸித்தி ஸுபைதாவுக்குக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டே, "டீச்சர், மேல உங்கட கட்டில் இழுபடுற சத்தம் கேக்குது. இந்த மாசம் அது எந்த ஊருக்குப் பயணம்?" என்று கேட்டார். வீட்டுக்கார அம்மா என்றால் இப்படித்தான் இருக்கவேண்டும். ஜன்னலோரம் போட்டால் காற்று. சுவரோரம் போட்டால் மூச்சு முட்டுகிறது. நாற்பத்து நாலு வயதுக்காரிக்குத் தலையை எந்தப் பக்கம் வைத்துப் படுப்பது என்று இன்னும் தெரியவில்லை என்றால் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

எழுத வந்தது வேறு விஷயம். கொழும்பு வாரப் பத்திரிகைக்கு நான் அனுப்பிய கதையைப் போடாமல், அதன் பெண்கள் பக்க ஆசிரியர் ஒரு கடிதம் போட்டிருக்கிறார். மாய உலகத்தில் இரண்டு சகோதரிகள். இருவருக்கும் ஒவ்வொரு காதல் கதை. ஒரு வாரம் மூத்தவள் கதை, மறுவாரம் இளையவள் கதை. உங்கள் வீட்டிலேயே எழுதத் தெரிந்த தங்கை இருக்கிறாராமே, சேர்ந்து எழுதித் தாருங்கள் என்கிறார். மூத்தவள் கதைக்குக் கீழே என் பெயர், இளையவள் கதைக்குக் கீழே உன் பெயர். வாசகர்களுக்கு அது பிடிக்குமாம்.

நான் ஒரு விளையாட்டு யோசித்திருக்கிறேன். பள்ளியில் உன் கட்டுரையை நானும் என் கணக்கை நீயும் செய்தோமே, அதுபோல மூத்தவள் கதையை நீ எழுது. இளையவள் கதையை நான் எழுதுகிறேன். பெயர்கள் மட்டும் அவர் கேட்டபடியே அச்சாகட்டும். யாருக்கும் சொல்லவேண்டாம், ஆசிரியருக்கும்கூட. ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்தக்கூடாது. அச்சில்தான் பார்க்கவேண்டும்.

மூத்தவள் கார்குழலி. அவள் விரல் பட்டால் திரி பற்றும். இளையவள் செங்கமலம். அவள் சிரித்தால் கல்லும் பூக்கும். மற்றதை நீ சொல்.

உன் கணவர் சிற்றம்பலத்தைக் கேட்டதாகச் சொல்.

உன் அக்கா,
லீலா

—

பூனாகலை
23.6.1959

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தைக் குசினியில் நின்றபடியே படித்தேன். பருப்பு அடிப்பிடித்துவிட்டது. அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். அடிப்பிடிக்காத பருப்பையும் அப்படித்தான் சாப்பிடுவார்.

சம்மதம். சம்மதம். சம்மதம். இந்தத் தேயிலைத் தோட்டத்துக் குவாட்டர்ஸில் காலை எட்டு மணிக்கு அவர் கந்தோருக்குப் போனால், மாலை நாலு மணிக்குப் பனி மேலே ஏறி வரும்வரை என்னோடு பேசுவது பெரியாயி மட்டும்தான். தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு அவளும் போய்விடுவாள். போன வாரம் அவளுடைய பிரஜாவுரிமை விண்ணப்பத்தில் ஏதோ குறை என்று திரும்பி வந்தது. பெரிய கிளாக்கர் என்ற முறையில் இவர்தான் எழுதிக்கொடுத்தவர். "எங்கே பிறந்தாய் என்பதற்குச் சாட்சி வேணுமாம்" என்றார். அவள் சிரித்துக்கொண்டு, "இந்தத் தேயிலையக் கேட்டுப் பாருங்கய்யா. நான் பொறந்தப்ப அதுவும் சின்னப் புள்ளதான்" என்றாள்.

அன்றிரவு எனக்கு நம் நாட்டின் சட்டம் கிடைத்தது. நம் மாய நாட்டைச் சொல்கிறேன். வருஷத்துக்கு ஒருநாள் உச்சிவெயிலில் அரண்மனைக்காரர்கள் கயிறு கொண்டு வந்து ஒவ்வொருவருடைய நிழலையும் அளப்பார்கள். நிழல் உள்ளவர்கள்தான் குடிமக்கள். பனியோடு மலை ஏறி வருகிறவர்களுக்கு நிழல் கிடையாது. பனி கலைந்தால் அவர்களும் போய்விடவேண்டும். கார்குழலியின் காதலன் அவர்களில் ஒருவன். எப்படி?

செங்கமலத்துக்கு யாரைப் பார்த்து வைத்திருக்கிறீர்கள்? சொல்லவேண்டாம். அச்சில் பார்க்கிறேன். ஆனால் மீசை வேண்டாம்.

உங்கள் தங்கை,
பாமா

—

பதுளை
2.8.1959

அன்புள்ள பாமா,

முதல் அத்தியாயத்தைப் பதுளை வாசிகசாலையில் நின்று படித்தேன், இருக்கையில் உட்காரப் பொறுக்கவில்லை. அந்த நிழலில்லாதவன் சுடர் கேட்டு வருகிற இடம். "விளக்கு வேண்டாம், பனியில் நான் எந்தப் பக்கம் இருக்கிறேன் என்று எனக்கே தெரிய ஒரு பொட்டு வெளிச்சம் போதும்" என்கிறானே. பாமா, இதை எங்கே வைத்திருந்தாய் இவ்வளவு காலமும்?

என் பெயரில் அச்சாகியிருப்பதால் பாராட்டெல்லாம் எனக்கு வருகிறது. வெட்கம் இல்லாமல் வாங்கிக்கொள்கிறேன். ரெங்கசாமி மாஸ்டர் என்று ஒருவர், லுணுகலைப் பக்கம் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார். சனிக்கிழமைகளில் வாசிகசாலைக்கு வருவார். நாற்பத்தாறு வயது இருக்கும். தம்பி தங்கைகளைக் கரைசேர்த்ததில் தன் கலியாணத்தை மறந்தவர். அவர் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, "ஒரு சந்தேகங்க டீச்சர். நெழல் இல்லாதவனுக்குக் கால் வலிக்குமா?" என்று கேட்டார். ஏன் என்றேன். "தினமும் மல ஏறி வர்றானே. சுடருக்காகவா வர்றான்னு நெனைக்கிறீங்க?" என்றார். நான் எழுதாத கதைக்கு என்ன பதில் சொல்வது? சாக்குக்குக் கையில் இருந்த புத்தகத்தைத் திறந்தேன், தலைகீழாக. அதையும் கவனித்தார்.

அவருடைய பிரஜாவுரிமை விண்ணப்பம் தள்ளப்பட்டுவிட்டது. பிறந்தது லுணுகலையில்தான். ஆனால் வாத்தியார் பயிற்சிக்கென்று திருச்சியில் இரண்டு வருஷம் இருந்திருக்கிறார். இடைவிடாமல் இங்கேயே இருந்திருக்கவேண்டுமாம், அந்த இரண்டு வருஷம் அவரை இல்லாமல் ஆக்கிவிட்டது.

செங்கமலம் எப்படி? காலக்காவலன் உனக்குப் பிடித்தானா? மீசை வைக்கவில்லை.

உன் அக்கா,
லீலா

—

பூனாகலை
30.8.1959

அன்புள்ள அக்கா,

ஒரு முறைப்பாடு. கோபிக்கவேண்டாம்.

பள்ளத்தாக்கின் மணற்கடிகாரத்தைக் காக்கிற காலக்காவலன் நல்லவன். செங்கமலத்துக்காகச் சூரியன் மறைவதைக் கொஞ்சம் பிடித்து நிறுத்துகிறான், அந்த வெளிச்சத்தில் அவள் பூத்தொடுக்கிறாள். அழகாகத்தான் இருக்கிறது. அவன் கட்டிக்கொடுத்த கண்ணாடி மாளிகையில் தூசி விழாது, பூ வாடாது, அவள் தலையில் ஒரு நரைகூட வராது. எல்லாம் சரி. ஆனால் அத்தியாயத்தை மீண்டும் மீண்டும் படித்துப் பார்த்தேன். அந்த மாளிகைக்கு நீங்கள் ஒரு கதவு வைக்கவில்லை. அவள் வெளியே எப்படிப் போவாள்? போகவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே தோன்றாது என்று நினைத்துவிட்டீர்களா?

இவர் கெட்டவர் இல்லை, அக்கா. உங்களுக்குத் தெரியும். கை நீட்டியதில்லை, குடிப்பதில்லை, பிள்ளையில்லை என்று ஒருநாளும் குத்திக் காட்டியதில்லை. வந்து ரேடியோவைத் திருப்புவார். செய்தி முடிந்ததும் நித்திரை. நேற்று நான் வேண்டுமென்றே சேலையை உள்வெளியாக உடுத்திக்கொண்டு தேநீர் கொடுத்தேன். குடித்து முடித்துக் கோப்பையைத் திருப்பித் தந்தார். நான் தனியாகச் சிரித்தேன். பிறகு பண்டாரவளை பஸ் போகிற சத்தம் கேட்டது, வாசல்வரை போய் நின்றேன். ஏறிப் போக ஓர் இடமும் இல்லை. ஆனாலும் போய் நின்றேன்.

சரி, அது போகட்டும். ரெங்கசாமி மாஸ்டரைப்பற்றி நீங்கள் தனியாக ஒரு சின்னத் தபால் அட்டையிலும் எழுதியிருந்தீர்கள். அதை இவர்தான் தபால் பையிலிருந்து எடுத்து வந்தார். "ஆர் இந்த மாஸ்டர்? தோட்டத்து ஆளே?" என்று கேட்டார். ஓம் என்றேன். அன்று அவர் ரேடியோவைத் திருப்பவில்லை. அட்டையில் எழுதாதேயுங்கோ அக்கா. கனகசபை மாமா காதுக்குப் போனால் யாழ்ப்பாணத்திலிருந்து அடுத்த ரயிலில் வந்து நிற்பார். அம்மாவின் வீடு உங்கள் பெயரில் இருக்கும்வரை உங்களைக் காவல் காப்பது தன் வேலை என்று நினைக்கிறார்.

உங்கள் தங்கை,
பாமா

—

பதுளை
29.9.1959

அன்புள்ள பாமா,

இதை மூடிய உறையில் அனுப்புகிறேன்.

சனிக்கிழமை வாசிகசாலையிலிருந்து பஸ் நிலையம்வரை அவரோடு நடந்தேன். மழை தூறியது. இருவரிடமும் குடை இருந்தது, இருவரும் விரிக்கவில்லை. அவருடைய தற்காலிக அனுமதி மாசி மாதக் கடைசியோடு முடிகிறது. அதற்குள் போய்விடவேண்டும். திருச்சிக்குப் பக்கத்தில் தகப்பனாரின் ஊரில் ஒரு பள்ளிக்கூடம் வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறது. "பொறக்காத ஊருக்குத் திரும்பிப் போகச் சொல்றாங்க" என்று சிரித்தார்.

பஸ் வந்துவிட்டது. அவர் ஏறவில்லை. "டீச்சர், எனக்கு வளைச்சுப் பேச வராதுங்க. ஒங்களுக்குப் பென்ஷன் இருக்கு, வீடு இருக்கு, பேர் இருக்கு. என்கிட்ட ஒரு டிரங்குப் பொட்டியும் புஸ்தகமும். தெரிஞ்சுதான் கேக்குறேன். வர்றீங்களா?" என்றார். பின்னால் நின்ற கிழவி ஒருத்தி, "ஏறுறதுன்னா ஏறு, இல்லாட்டி வழிய விடு தம்பி" என்று அவரைத் தள்ளினாள். நானும் சிரித்துவிட்டேன். சிரித்தது எவ்வளவு வசதியாகப் போயிற்று. பதில் சொல்லாமல் தப்பினேன். தவணை கேட்டேன். சரி என்றார்.

அன்றிலிருந்து ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. கட்டில் மறுபடி ஜன்னலோரம் வந்துவிட்டது. பத்தாம் வகுப்பில் ஒரே பாட்டை இரண்டு தடவை நடத்தினேன், பிள்ளைகள் மரியாதைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். போனால் எல்லாம் போகும்: உத்தியோகம், ஊர்ப் பெயர், நீ. இருந்தால் எல்லாம் இருக்கும். அதே கட்டில், அதே ஜன்னல்.

மாமா என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். சிற்றம்பலம் என்ன சொல்லமாட்டார் என்றும் தெரியும். உன்னுடைய பதில் மட்டும் வேண்டும். போ என்கிறாயா, இரு என்கிறாயா?

லீலா

—

பூனாகலை
25.10.1959

அன்புள்ள அக்கா,

தாமதத்துக்கு மழை காரணம். மண் சரிந்து பண்டாரவளை றோட்டு மூடிக் கிடந்தது. தபால் பை தோளில் வந்தது. பெரியாயிக்குக் காய்ச்சல், நானே தண்ணீர் எடுத்தேன். தண்ணீர்ப் பீலிக்கரையில் பெண்கள் எனக்கு வழி விட்டார்கள். விடவேண்டாம் என்று சொன்னால் இன்னும் விலகி நின்றார்கள்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் எழுத இத்தனை நாளும் உட்கார்ந்து எழும்பினேன். கடிதத்தில் கை வரவில்லை. கார்குழலியின் கடைசி அத்தியாயத்தில் எழுதிக் கொழும்புக்கு அனுப்பிவிட்டேன். அச்சில் பாருங்கள். அது உங்களுக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டு படியுங்கள்.

பாமா

—

பதுளை
22.11.1959

பாமா,

படித்தேன்.

பனி ஏறி வருகிற நேரம் கார்குழலி கோட்டை வாசலில் நிற்கிறாள். நிழலில்லாதவன் கீழே பாதையில் கூப்பிடுகிறான். அவள் தன் விளக்கைக் கையால் பொத்தி அணைக்கிறாள். அவன் வழி தெரியாமல் நின்று, பிறகு திரும்பிப் போகிறான். அவள் தங்கையின் கண்ணாடி மாளிகைச் சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டு, "எனக்கு உன் நிழல் போதும்" என்கிறாள். அதன் கீழே கறுப்பு எழுத்தில், லீலாதேவி.

உன் பதில் எனக்கு விளங்கியது. அதைப்பற்றிச் சண்டை பிடிக்க வரவில்லை. நானும் அந்த மாளிகையைக் கதவில்லாமல்தானே கட்டினேன். நீ உள்ளே சுகமாக இருக்கிறாய் என்று எண்ணிக்கொண்டால் எனக்கு நிம்மதி.

ஆனால் உனக்குச் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அன்று பஸ் நிலையத்தில் தவணை கேட்டேன் என்று எழுதினேன் அல்லவா? எப்படிக் கேட்டேன் தெரியுமா? "மாஸ்டர், இந்தக் கதை முடியட்டும். கார்குழலி என்ன செய்கிறாள் என்று பாருங்கள்" என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். கதையை நீ எழுதுகிறாய் என்பது அந்த நிமிஷம் எனக்கு நினைவிலேயே இல்லை. அவ்வளவு தூரம் அவளை என்னவளாக எண்ணிவிட்டேன்.

நேற்றுச் சனிக்கிழமை அவர் வரவில்லை. ஸித்தி ஸுபைதாவின் புருஷன் ஹாஷிம் லுணுகலைக்குத் துணி விற்கப் போய்விட்டு இரவுச் சாப்பாட்டுக்கு முன் வந்தார். நான் இரவல் கொடுத்த புத்தகங்களை அவரிடம் கொடுத்துவிட்டிருந்தார் மாஸ்டர். "என்னமோ சொல்லச் சொன்னாரு டீச்சர். கத முடிஞ்சிருச்சு, படிச்சிட்டேன், தெளிவா எழுதியிருக்கீங்கன்னு. ஏன், கத நல்லா இல்லையா? மனுசன்ட மூஞ்சி நல்லா இல்ல" என்றார் ஹாஷிம்.

நான் போய் என்ன சொல்வேன்? அதை எழுதியது நானில்லை என்றால், வருகிறேன் என்று சொன்னதாக ஆகும். வருகிறேன் என்று சொல்ல இன்னும் துணிவு வரவில்லை. வரமாட்டேன் என்று நான் சொல்லவும் இல்லை. என் பெயரில் நான் சொல்லாத பதில் ஒன்று ஊரெல்லாம் போய்விட்டது.

செங்கமலத்தின் கடைசி அத்தியாயம் என் பொறுப்பில் பாக்கி இருக்கிறது. ஆசிரியர் தந்தி அடிக்கிறார். தாளை எடுத்தால் அறையைச் சுற்றி நடக்கத்தான் வருகிறது.

லீலா

—

பூனாகலை
29.11.1959

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதம் வியாழக்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமை லுணுகலைக்குப் போய் வந்தேன்.

ஆம், தனியாகத்தான். இவர் கந்தோருக்குப் போனதும் வாசலில் நின்று பஸ்ஸைக் கேட்டுக்கொண்டிருக்காமல் ஏறிவிட்டேன். பண்டாரவளை, பதுளை, பிறகு பசறைப் பக்கத்து வளைவெல்லாம் தலை சுற்ற, லுணுகலை. பதுளையில் உங்கள் பள்ளிக்கூட வாசலைக் கடந்துதான் போனேன். இறங்கினால் உங்களைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டுத் திரும்பிவிடுவேன் என்று இறங்கவில்லை.

தோட்டப் பள்ளிக்கூடம் ஒற்றை மண்டபம். பிள்ளைகள் வாய்ப்பாடு கத்திக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் எல்லாரும் எழும்பி, "வணக்கம் டீச்சர்" என்றார்கள். நான் டீச்சர் இல்லை என்றேன். மாஸ்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "லீலாதேவி டீச்சர் தங்கச்சிங்களா? அதே நெத்தி" என்றார். வெளியே வந்தார். கதிரை கொண்டுவரச் சொன்னார், நான் உட்காரவில்லை.

"மாஸ்டர், அந்தக் கதையை எழுதினது நான்" என்றேன். எவ்வளவோ தயார் செய்துகொண்டு போனேன், இதுதான் வந்தது.

அவருக்கு விளங்கவில்லை. விளையாட்டு முழுவதையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே கையில் இருந்த சுண்ணக்கட்டியைப் பொடியாக்கிவிட்டார். "அப்ப வெளக்க அணைச்சது டீச்சர் இல்லையா?" என்றார்.

"நான். அக்கா போனால் எனக்கு ஆர் இருக்கினம் எண்டு அணைச்சுப் போட்டன்."

கையில் ஒட்டிய பொடியைத் தட்டிவிட்டார். பிறகு, "அப்ப டீச்சர் எழுதுன கத எது?" என்று கேட்டார். மற்றது, கண்ணாடி மாளிகை என்றேன். "அதுல கதவே இல்லீங்களேம்மா" என்றார். அக்கா, என்னைத் தவிர அதைக் கவனித்த ஒரே ஆள் அவர்தான்.

உங்களுக்காக நான் எந்தப் பதிலும் சொல்லவில்லை. வருவா என்றும் சொல்லவில்லை, வரமாட்டா என்றும் சொல்லவில்லை. "அக்கா இன்னும் வாய் திறக்கேல்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்" என்று மட்டும் சொன்னேன். அவர் பஸ்வரை வந்து ஏற்றிவிட்டார்.

வீடு வந்து சேரும்போது விளக்கு வைத்தாயிற்று. இவர் குசினியில் நின்று சோறு வடித்துக்கொண்டிருந்தார். பதினெட்டு வருஷத்தில் முதல் தடவை. "எங்கை போனனீர்?" என்றார். லுணுகலைக்கு என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன், கண்ணாடி மாளிகையையும் சொன்னேன். மாமாவைப்போல் கத்துவார் என்று நினைத்தேன். சோற்றைப் போட்டுத் தந்தார். பாதி சாப்பிட்ட பிறகு, "மழை பெய்ததே அங்கை? அடுத்தமுறை போறதெண்டால் சொல்லும். குடையாவது தந்திருப்பன்" என்றார். சோறு குழைந்திருந்தது. இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

நீங்கள் போ என்கிறாயா, இரு என்கிறாயா என்று கேட்டீர்கள். அதற்குப் பதில் எழுத இப்போதும் எனக்கு வரவில்லை. இரு என்றுதான் வாய் சொல்லும். அதனால் என்னிடம் கேட்காதேயுங்கோ.

பாமா

—

பதுளை
14.2.1960

அன்புள்ள பாமா,

செங்கமலத்தின் கடைசி அத்தியாயம் மார்கழியில் வந்ததைப் பார்த்திருப்பாய். அந்த மாளிகைக்குக் கதவு வைத்தேன். அவளே கைவைத்துத் தள்ளுகிறாள், காலக்காவலன் தடுக்கவில்லை, அவன் அதுவரை அதைச் சுவர் என்றே நினைத்திருந்தான். அவள் வெளியே போகிறாளா இல்லையா என்று எழுதவில்லை. ஆசிரியர் கோபித்துக்கொண்டார். அது என் கையில் இல்லை என்று எழுதிப் போட்டேன்.

மற்றதையும் சொல்லிவிடுகிறேன். நீ லுணுகலைக்குப் போய் வந்த மறுநாள் சனிக்கிழமை. அவர் வாசிகசாலைக்கு வந்தார். எதிரே உட்கார்ந்து பத்திரிகையை விரித்தார், படிக்கவில்லை. "நான் எழுதாத கதைக்கு நான் பொறுப்பில்லை மாஸ்டர்" என்றேன். "சரிங்க. எழுதுற கதைக்கு?" என்றார். "பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்கவேண்டும். பதுளையில் எடுத்தால் பேய்போல வருகிறது. பண்டாரவளையில் நல்ல ஸ்டூடியோ இருக்கிறதா?" என்று கேட்டேன். அவர் பத்திரிகையால் முகத்தை மூடிக்கொண்டார். வெகுநேரம் எடுக்கவில்லை.

போன வாரம் கலியாணப் பதிவு நடந்தது. உன்னைக் கூப்பிடவில்லை என்று கோபமாக இருப்பாய். உங்கள் இருவரையும் மாமாவின் வாயில் போட விருப்பமில்லை. ஹாஷிம் சாட்சிக் கையெழுத்துப் போட்டார், ஸித்தி ஸுபைதா வட்டிலப்பம் செய்தார். யாழ்ப்பாணத்து வீட்டை உன் பெயருக்கு எழுதியாயிற்று. மாமா இனி உன்னைக் காவல் காக்கட்டும்.

பயம் போய்விட்டது என்று நினைக்காதே. டிரங்குப் பெட்டியை அடுக்குகிறேன், எல்லாவற்றையும் எடுத்துக் கீழே போடுகிறேன், மறுபடி அடுக்குகிறேன். தப்பாக இருக்கலாம். ஆனால் இது என் தப்பாக இருக்கும்.

இருபத்தைந்தாம் திகதி காலை ரயில். பண்டாரவளையில் கொஞ்சம் நிற்கும். பனியாக இருந்தால் ஜன்னலில் டோர்ச் லைட்டைக் காட்டுகிறேன். வா.

உன் அக்கா,
லீலா

—

பூனாகலை
20.3.1960

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

திருச்சி முகவரி சரிதானா என்று தெரியாது. நீங்கள் போய்ச் சேர்ந்ததாக இன்னும் ஒரு வரி வரவில்லை. தபால் பை வரும் நேரம் பார்த்து இவரே கந்தோர் வாசலுக்கு வந்து நிற்கிறாராம், பெரியாயி சொன்னாள்.

ரயிலுக்குள் நடந்தது உங்களுக்குத் தெரியும். தியத்தலாவையில் என்னை இறக்கிவிட்டுப் போன பிறகு நடந்தது தெரியாது. அதைத்தான் எழுதுகிறேன்.

பண்டாரவளை மேடையில் அவ்வளவு பனி. பக்கத்தில் நின்ற இவருடைய முகம்கூடத் தெரியவில்லை. டோர்ச் வெளிச்சம் தெரிந்ததும் இடியப்பப் பொட்டலத்தோடு ஓடினேன். ஜன்னலில் நீட்டின கையில் வைத்தேன், அது அத்தானின் கை. நீங்கள் மறுபக்க ஜன்னலில் நின்று என்னைத் தேடிக்கொண்டிருந்தீர்கள். அவர் கையை விடாமல், "கதவு தொறந்துதான் இருக்குங்க. அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் ஏறிக்கிறீங்களா?" என்றார். அவர் பகிடிக்குத்தான் சொன்னார் என்பது எனக்கு ஏறி உட்கார்ந்த பிறகுதான் விளங்கியது. ரயில் அசைந்துவிட்டது. நீங்கள் என் தலையில் கைவைத்து, "ஐயோ, இவளைப் பாருங்கோ" என்று சொன்னதும், நான் ஒரு வார்த்தையும் பேசாமல் உங்கள் மடியில் கிடந்ததும், அத்தான் எங்களைப் பார்க்காமல் வெளியே பனியையே பார்த்துக்கொண்டு வந்ததும் நினைவில் இருக்கிறது. எவ்வளவு பேச இருந்தது.

தியத்தலாவையில் நான் இறங்கி, ரயில் போய், சத்தமும் அடங்கியது. ஸ்டேஷன் மாஸ்டர் டிக்கெட் கேட்டார். இல்லை என்றேன். எங்கே போகிறீர்கள் என்றார். தெரியாது என்றேன். என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார், ஒரு வாங்குப் பலகையில் இருத்திவிட்டுப் போனார். அப்போதுதான் ஒரு காலில் செருப்பு இல்லை என்று கண்டேன்.

கொஞ்ச நேரத்தில் பனி கலைந்து வெயில் வந்தது. மேடையில் என் நிழல் விழுந்தது, நீளமாக, தண்டவாளம்வரை. வேறு யாரும் இல்லை. அழுதேன். நீங்கள் போனதற்கு மட்டும் என்று சொன்னால் அது பொய். ரயில் போகும்போது, நான் இறங்காமல் இருந்திருக்கலாமே என்று ஒரு நொடி நினைத்தேன். எங்கே போவேன் என்று அல்ல. போய்க்கொண்டே இருக்கலாமே என்று.

நெடுநேரம் கழித்து இவர் வந்தார். ஒரு லொறியில் ஏறி வந்திருக்கிறார். இவர், லொறியில். ஒரு கையில் குடை, மறு கையில் என் செருப்பு. பக்கத்தில் உட்கார்ந்தார். செருப்பைக் கீழே வைத்தார், நான் போட்டுக்கொண்டேன். பிறகு கேட்டார்: "ஒற்றைச் செருப்போடை எவ்வளவு தூரம் போறதெண்டு நினைச்சனீர்?"

"தெரியாது" என்றேன்.

"என்ரை சகலன் என்ன சொன்னவர்?" என்று கேட்டார். சகலன் என்றார், அக்கா. அத்தானிடம் சொல்லுங்கள். இவர் வாயில் அந்தச் சொல் வந்ததை நான் கேட்டேன்.

அடுத்த ரயிலுக்கு வெகுநேரம் இருந்தது. அதுவரை பேசிக்கொண்டிருந்தோம் என்று எழுதினால் நம்பமாட்டீர்கள். அதிகம் நான்தான் பேசினேன். அவர் இடையிடையே, "பிறகு?" என்றார். ரேடியோ இல்லாத இடத்தில் அவருக்குக் காது நன்றாகக் கேட்கிறது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கவேண்டாம். பஸ் சத்தம் கேட்டால் இப்போதும் வாசலுக்குப் போகிறேன். நாலு மணிக்குப் பனி ஏறி வருகிறது, பதுளைக்கு எழுத ஒருவரும் இல்லை என்பது அப்போது நெஞ்சில் இடிக்கிறது. அங்கே பனியே கிடையாதாமே. நாலு மணிக்கு நீங்கள் எதைப் பார்க்கிறீர்கள்? கட்டிலை எந்தப் பக்கம் போட்டிருக்கிறீர்கள்?

கொழும்பு ஆசிரியர் இன்னொரு சோடிக் கதை கேட்டு எழுதியிருக்கிறார். நீங்கள் கடல் தாண்டிப் போனது அவருக்குத் தெரியாது. உங்களைக் கேட்காமலே ஒப்புக்கொண்டேன். ஒரே ஒரு நிபந்தனை: இந்தமுறை உங்கள் கதையை நீங்களே எழுதுங்கள். என் கதையை நான் எழுதுகிறேன்.

நேற்று இவர் கந்தோருக்குப் போனதும் உட்கார்ந்தேன். ஒரு வரிதான் வந்தது. திருத்தாமல் அனுப்புகிறேன்:

"செங்கமலத்துக்குப் பயணம் போய்ப் பழக்கமில்லை, ஒற்றைச் செருப்போடு ஏறினாள்."

உங்கள் தங்கை,
சத்தியபாமா